ஆளில்லாத குடமும் எங்கள் பொதுக்குழுவும்

எங்கள் காலனி சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதில் என் பங்கு ஒன்றுமில்லை. தேர்தல் நடந்த அன்று கூட்டத்தின் நடுவில் எழுந்து வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் என் பெயரைச் சொல்லிக் கைதட்டி முடித்துவிட்டார்கள். "வேற எவனும் ஒத்துக்கல நைனா. நீ தான் இங்க இல்லியே, மாட்டேன்னு சொல்றதுக்கு" என்றார் தலைவர். அவர் எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பழகிய மனிதர், எதற்கும் பதறமாட்டார். பதறுகிற வேலை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது.

காலனி திருவொற்றியூரில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் ஒரு வீட்டுச் சங்கம் அமைத்து, சேற்று நிலத்தை வாங்கி, மண் கொட்டி நிரப்பிக் கட்டிக்கொண்ட எழுபது வீடுகள். வடக்கிலிருந்து காற்றடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வாசலில் வந்து விழும். கிழக்கிலிருந்து அடித்தால் துணி காயாது. மற்றபடி குறை சொல்ல முடியாத இடம். வீடு நம்முடையதுதான், ஆனால் பத்திரம் சங்கத்தின் பெயரில். உறுப்பினராக இருக்கிறவரைதான் வீட்டில் உரிமை. உறுப்பினர் இறந்துபோனால், அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் யாரோ அவருக்கு அந்த இடம் போகும், வீடும் கூடவே போகும் என்று விதியில் எழுதியிருந்தது. அப்பன் போனால் மகனுக்கு வேலை என்று இருந்த காலத்தில் எழுதியது. அப்புறம் தொழிற்சாலையில் புது ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. விதியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

முனை வீட்டு அக்காவின் புருஷன் வார்ப்புப் பிரிவில் இருந்தவர். ஓர் ஆவணி மாதம், காலை ஷிப்டு முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் என்று பார்த்தால் ஒரே ஒருவர்தான், இறந்தவரின் தம்பி. அக்காவுக்குக் கொழுந்தன். எங்கள் காலனியிலேயே பின்வரிசையில் அவருக்கு வீடு இருந்தது. ஒருவருக்கு இரண்டு வீடு கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நிலைமை வரும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது.

கொழுந்தனைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கல்யாண வயதில் இரண்டு மகன்கள், இரண்டே அறை. "எங்க அண்ணிய நானு வெளிய தள்ளிடுவனா சார்? பின்னால ரூமு ஒண்ணு கீது இல்ல, ஆயுசுக்கும் அதுல இருந்துகினு போட்டும்" என்று என்னிடம் வந்து சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தப் பின் ரூம் பழைய சைக்கிளும் விறகும் போட்டு வைத்த இடம். வீடு கட்டும்போது மூன்று மாதக் கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுச் செங்கல் சுமந்தவள் அக்கா. அந்த வீட்டில் அவள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, கொழுந்தன் மகனுக்கு வரப்போகிற மனைவி அடுப்படியில் என்ன சமைக்கிறாளோ அதற்குக் காத்திருக்க வேண்டும். நினைக்கவே எனக்கு எரிச்சலாக வந்தது.

தலைவரிடம் பேசினேன். விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும். உறுப்பினர் இறந்தால் முதல் உரிமை மனைவிக்கு. அவ்வளவுதான். கூட்டுறவு ஆபீசில் விசாரித்தபோது, தாராளமாக மாற்றலாம், ஆனால் அவர் இறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய விதிப்படி கொழுந்தன் பெயருக்குப் போய்விடும் என்றார்கள். விதியை மாற்றச் சிறப்புப் பொதுக்குழு கூட்ட வேண்டும். அதற்குக் கோரம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது இருபத்து நாலு பேர் நேரில் இருக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

ஏனென்றால் எங்கள் சங்கத்தின் எந்தப் பொதுக்குழுவுக்கும் இருபத்து நாலு பேர் வந்ததாக வரலாறே கிடையாது. சாதாரணக் கூட்டங்களுக்கு ஒரு சலுகை உண்டு. கோரம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைக்கலாம், அப்புறம் இருக்கிறவர்களை வைத்தே நடத்திவிடலாம். வருஷா வருஷம் எட்டுப் பேர் வருவோம், எண்ணுவோம், போதாது என்று முறையாக வருத்தப்படுவோம், டீ சொல்வோம். டீ குடித்து முடித்தால் அரை மணி ஆகியிருக்கும். கூட்டம் நடக்கும். டீக்காகவே கோரம் குறைகிறது என்று என் மனைவி சொல்வாள். ஆனால் விதியை மாற்றும் கூட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. டீ குடித்தாலும் சரி, பிரியாணியே சாப்பிட்டாலும் சரி, இருபத்து நாலு தலை இருந்தே ஆக வேண்டும். கூட்டுறவு ஆபீசிலிருந்து ஓர் அதிகாரியும் வந்து உட்கார்ந்து எண்ணுவார்.

நான் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தா. யார் எந்த ஷிப்டு, யாருக்கு என்றைக்கு வார விடுப்பு எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுபது பேரில் பாதிப் பேராவது வீட்டில் இருக்கும் நேரத்தை என்னால் கண்டுபிடிக்க முடியாதா என்று ஒரு கர்வம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி என்று குறித்தேன். இரவு ஷிப்டுக்காரன் தூங்கி எழுந்திருப்பான், காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனவன் திரும்பியிருப்பான், சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். நோட்டீஸ் ஒட்டினேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆர்வக்கோளாறில், "நாற்காலி கொஞ்சம்தான் இருக்கு, இடம் வேணும்னா முன்னாடியே வந்துடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். டிமாண்ட் இருக்கிறது என்று காட்டினால் கூட்டம் வரும் என்பது என் கணக்கு.

எங்கள் காலனியில் எது குறைவு என்று சொன்னாலும் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். அப்போது மழை பொய்த்த வருஷங்கள். குழாயில் காற்றுதான் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர். லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. அதனால் விடிவதற்கு முன்பே குடத்தைக் கொண்டுபோய் முனையில் வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடம் இல்லாவிட்டால் செங்கல், அதுவும் இல்லாவிட்டால் ஓட்டை வாளி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. எல்லோருக்கும் ஒத்துப்போன நியாயம் அது.

பதினொரு மணிக்கு அதிகாரியை அழைத்துக்கொண்டு சங்கக் கட்டடத்தின் கதவைத் தள்ளினேன். அத்தனை நாற்காலியும் நிரம்பியிருந்தது. மனிதர்களால் அல்ல. ஒன்றின் மேல் துண்டு, ஒன்றின் மேல் தலைக்கவசம், ஒன்றின் மேல் டிபன் கேரியர், ஒன்றில் மடித்த லுங்கி. பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் குடம்கூட உட்கார்ந்திருந்தது. ஆள் என்று பார்த்தால் தலைவர், நான், கட்டடத்துக்குள் வெயிலுக்கு ஒதுங்கியிருந்த பூனை.

"எல்லாம் வந்தாச்சு சார், எடம் போட்டுட்டு இப்பதான் அப்பால போனாங்க" என்றார் தலைவர், துளியும் கலங்காமல்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "துண்டுக்கெல்லாம் ஓட்டு கிடையாதுங்க" என்றார்.

நான் ஓடினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்தினேன். "வர்றேன் சார், எடம் போட்டுகீறன் இல்ல?" என்றான் ஒருவன், முகத்தில் சவர நுரையோடு. இன்னொருவன் சாத்தாங்காட்டில் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தான். "ஆரம்பிச்சதும் சொல்லியனுப்புங்க, ஓடியாந்துடுவாரு" என்றாள் அவன் மனைவி. ஆரம்பிப்பதற்குத்தானே ஆள் வேண்டும் என்று நான் கத்தியது அவளுக்குப் புரியவேயில்லை. பன்னிரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது பதின்மூன்று பேர் இருந்தோம். மின்விசிறிக்கு நேராகத் துண்டு போட்டவனும் வரவில்லை. அந்த இடத்தில் உட்காரவும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்தவன் இடமாம். அதிகாரி எழுதிக்கொண்டு எழுந்தார். ஆவணி பிறப்பதற்குள் இன்னும் ஒரே ஒரு முறை கூட்டலாம், அதற்குமேல் நோட்டீஸ் கொடுக்க அவகாசம் இல்லை என்றார். ஆடிக் கடைசி ஞாயிறு என்று முடிவாயிற்று.

மறுநாள் மாலை முனை வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னா தம்பி, துண்டுங்க எல்லாம் இன்னா சொல்லிச்சு?" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

லாரித் தண்ணீர் வரிசையை அந்தத் தெருவில் நடத்தியது அக்காதான். யாரும் நியமிக்கவில்லை. லாரியின் டியூபை ஒருநாள் சண்டைக்கு நடுவில் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள், அன்றிலிருந்து அது அவள் கையில்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. தன் குடத்தைக் கடைசியில் வைப்பாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். லாரி வரும்வரை குடம் இடம் பிடிக்கலாம். தண்ணீர் திறந்துவிட்டால் குடத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஆள் நிற்காத குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள், அது தலைவர் வீட்டுக் குடமாக இருந்தாலும்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆம்பளை நேர்ல வந்து நின்னாதான் தண்ணின்னு அன்னிக்கு ஒரு நாளைக்குச் சொல்லிடுங்க. அங்கியே கூட்டத்தை முடிச்சிடறேன்" என்றேன்.

கீரையைக் கீழே வைத்தாள். "தம்பி, என் வூட்டுக்கோசரம் ஊருக்கு ஊத்துற தண்ணில கண்டிசன் போட சொல்றியா? நாளிக்கி அவளுங்க மூஞ்சில நான் எப்டி முயிக்கிறது? போனா போவுது வூடு. பின் ரூமுல குந்திகினு இருக்கேன்" என்றாள்.  உடனே கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபமும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்தது. கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். "ஆடிக் கடைசி ஞாயிறு இன்னா விசேஷம்?"

"இன்னா?"

"நம்ம தெரு அம்மனுக்குக் கூழு ஊத்தறது. விடியறதுக்குள்ள பொம்பளைங்க எல்லாம் கோயிலாண்ட போயிடுவோம். லாரி வந்துச்சுன்னா தண்ணி யார் புடிப்பாங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருசம் பாதிப் பேரு கோயிலுக்கும், மீதிப் பேரு லைனுக்கும்னு பிரிச்சிகினோம். இந்த வருசம் எல்லாரும் கோயிலுக்கே போறோம். இதுல கண்டிசன் ஒண்ணும் இல்ல. அக்காகிட்டயும் சொல்ல வேணாம். அவங்க லைன்ல நிக்கட்டும். நீ நோட்டீசுல எடத்த மட்டும் மாத்து."

அதிகாரிக்குப் போன் செய்து, பொதுக்குழுவைத் தெருவில் நடத்தலாமா என்று கேட்டேன்.  இடம் எதுவென்று நோட்டீசில் தெளிவாக இருந்தால் போதும், கட்டடத்துக்குள்தான் நடத்த வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்றார். "இடம்: காலனி முனை, தண்ணீர் லாரி நிற்குமிடம். நேரம்: காலை ஏழு மணி" என்று எழுதி ஒட்டினேன். படித்தவர்கள் எல்லோரும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். பேஜார் பிடித்த வேலை என்று நானும் நினைத்தேன்.

அந்த ஞாயிறு விடிந்தபோது கோயில் பக்கம் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. காலனிக்குள் ஒரு பெண்ணைக் காணோம். முனைக்குப் போனேன். குடங்கள் வழக்கம்போல விடியும் முன்பே வந்து நின்றிருந்தன. குடங்களுக்குப் பக்கத்தில் ஆண்கள், லாரியைத் தவறவிட்டால் வீட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்று. லுங்கியும் பனியனுமாக, இரவு ஷிப்டு முடிந்து நேராக வந்த கண்களோடு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். கிரேன் தலைவர் இரண்டு கையிலும் பச்சைக் குடம் வைத்திருந்தார். சிலர் மகனை அனுப்பிவிட்டார்கள், அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். சிலர் ஷிப்டில் இருந்தார்கள். ஆனாலும் என் நெஞ்சு குளிர்ந்தது.

டியூபுக்காகக் காத்திருந்த அக்கா வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாய்யா இது, பூரா ஆம்பளைங்களா வந்துகீறீங்க? வூட்ல பொம்பளைங்கள இன்னா பண்ணீங்க?"

"கூழு ஊத்த போயிட்டாங்கக்கா" என்றார்கள் நாலு பேர் ஒன்றாக.

அவள் என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ தண்ணில வெளயாடுற."

"நான் இல்லக்கா. அம்மன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிகாரி பேன்ட்டைக் கணுக்கால்வரை மடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். குடங்களுக்கு நடுவில் நடந்து, ஒவ்வொருவராகக் கேட்டு, கையெழுத்து வாங்கி, எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபத்து மூன்று.

"ஒண்ணு குறையுது" என்றார்.  நான்கைந்து வீடுகளுக்கு ஓடினேன். ஷிப்டு, ஷிப்டு, வெளியூர், காய்ச்சல். பின்வரிசையில் கொழுந்தன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆள் இருக்கிறார், வரமாட்டார். அவரை எப்படிக் கூப்பிடுவது? தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள வா என்று யார் யாரைக் கூப்பிட முடியும்? திரும்பி வந்துவிட்டேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்க முடியும் என்றார்.

அப்போதுதான் லாரி ஹாரன் அடித்தது.

அந்த வருஷங்களில் எங்கள் காலனியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஹாரன் காதில் விழுந்தால் புத்தி வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். லாரி வந்து முனையில் நின்றது. அக்கா டியூபை வாங்கினாள். வரிசையின் முதல் குடத்துக்குப் பக்கத்தில் போனாள். மஞ்சள் குடம். பக்கத்தில் ஆள் இல்லை. யாருடைய குடம் என்று எல்லோருக்கும் தெரியும். கொழுந்தன் வீட்டுக் குடம். அவர் மனைவி எல்லோருக்கும் முன்னால் வந்து அதை முதலாவதாக வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

அக்கா குடத்தின் கழுத்தைப் பிடித்தாள், ஓரமாக எடுத்து வைக்க. அவள் சட்டம் அவளுக்கு.

"அண்ணீ, இருங்க! இருங்க!"

கொழுந்தன் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை, ஓடி வந்து மஞ்சள் குடத்தின் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. அவர் வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை.  அக்கா குடத்தை மறுபடி வைத்து டியூபை உள்ளே விட்டாள்.

"இவர் உறுப்பினரா?" என்று அதிகாரி என்னிடம் மெல்லக் கேட்டார்.

"உறுப்பினர்தான் சார்" என்றேன். 

"இருபத்து நாலு. தீர்மானத்தைப் படிங்க."

தலைவர் பச்சைக் குடங்களைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஆலைச் சத்தத்திலேயே பேசிப் பழகிய குரல், தெருக்கோடி வரை கேட்டது. உறுப்பினர் இறந்தால் முதல் உரிமை மனைவிக்கு. கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றிப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு அடி நடந்து போனால் போதும், கோரம் போய்விடும், கூட்டமும் போய்விடும், ஆவணி பிறந்துவிடும். அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. 

"அண்ணி, டியூபை எடுங்க. நான் போவணும்" என்றார்.

குடத்தில் பாதித் தண்ணீர் ஏறியிருந்தது. அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தீர்மானம் என்னவென்று அவளுக்கும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. "பாதிக் குடத்த எவனாவது தூக்கினு போவானா? போறதுன்னா போ, தடுக்கல. உன் குடத்த ரொப்பி, வூட்டாண்ட நானே கொண்டாந்து வெக்கிறேன்" என்றாள்.

அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானாக ஒரு காரணம் சொல்ல விரும்பவில்லை. பிறகும் அவரிடம் கேட்டதில்லை. தண்ணீர் கழுத்துவரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் தலைவர். குடங்கள் கீழே இறங்கின, கைகள் மேலே ஏறின. கொழுந்தன் கையைத் தூக்கவில்லை. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோதும் தூக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார்.

"ஆச்சா? அடுத்த குடம் வா" என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டியூப் தெறித்திருக்கலாம்.

பத்து மணிக்குக் கோயில் வாசலில் எல்லோருக்கும் கூழ் ஊற்றினார்கள். அதிகாரி மறுத்துப் பார்த்தார். என் மனைவி விடவில்லை. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையுமாக இரண்டு சொம்பு குடித்துவிட்டு, தன் பணிக்காலத்தில் இவ்வளவு ருசியான பொதுக்குழுவைப் பார்த்ததில்லை என்றார். வருகைப் பதிவேட்டில் கொழுந்தன் அங்கேதான் கையெழுத்துப் போட்டார். கூழ் ஊற்றிய பெண்களில் அவர் மனைவியும் இருந்தாள். மஞ்சள் குடத்தை முதலில் வைத்தது தற்செயலா என்று என் மனைவி அவளிடம் பிறகு கேட்டிருக்கிறாள். "நாளிக்கி என் வூட்டுக்காரரு போயிட்டா, என்ன எந்தப் பின் ரூமுல போடுவாங்க?" என்று மட்டும் சொன்னாளாம்.

அடுத்த வருஷம் சாதாரணப் பொதுக்குழு வந்தது. எங்கள் ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எங்கள் ஜனங்களைத் தெரியாது என்று அர்த்தம். நான் கதவைத் திறந்தபோது நாற்காலிகளில் வழக்கம்போலத் துண்டுகள். எனக்கு முன்பே அக்கா வந்திருந்தாள், புது உறுப்பினராக, நல்ல புடவை கட்டிக்கொண்டு. ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆள் நிக்காத குடம் லைன்ல கெடயாது" என்று வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தாள், அவ்வளவுதான். சேதி வீடு வீடாகப் பறந்தது. துண்டைத் தேடிக்கொண்டு ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். அவளிடம் துண்டை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தார்கள். கொழுந்தனும் வந்தார். அவருடையது நீலத் துண்டு.

நான் எண்ணினேன். வரிசை வரிசையாக, விரலை நீட்டி. தலைவரையும் என்னையும் சேர்த்து இருபத்து மூன்று. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, எங்கள் சங்கத்துக்கு அதுவே சாதனை. "ஒருத்தர் குறையுது. வழக்கம்போல அரை மணி ஒத்திவைப்போம். டீ சொல்லிடுங்க" என்றேன்.

யாரோ டீக்கு எழுந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து கொழுந்தன் எழுந்து நின்றார். நீலத் துண்டு தோளில் இருந்தது.

"இன்னா சார் எண்ற? எங்க அண்ணிய வுட்டுட்ட."

அக்கா வாசல் நிலையில் சாய்ந்து, யாரும் வாங்காத துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வரிசையை நடத்துகிறவள் அப்படித்தான் நிற்பாள். நானும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன், உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டேன். "டைம் ஆபீசுல இவன தான் ஆள் எண்ண வெச்சிகீறாங்க" என்றாள் அவள், எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை. தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த டிபன் கேரியரை எடுத்துக் கீழே வைத்தார். அக்கா போய் அதில் உட்கார்ந்தாள்.

இருபத்து நாலு என்று எழுதினேன். என் கண் கலங்கியிருந்ததால் நாலு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அந்த வருஷம்தான் எங்கள் சங்கத்தில் முதல் தடவையாக டீ குடிக்காமல் கூட்டம் ஆரம்பித்தது.